ஜெலுத்தோங்கில் முழு உடல் பரிசோதனை: நாலு பேர் போய் வந்த அனுபவம்

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டில் நாலு பேரும் பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் இருக்கும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டோம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 83 வயது, என் கணவருக்கு 66, எனக்கு 62, மகளுக்கு 34. நல்லதோடு குறையும் சொல்லப் போவதால் கூடத்தின் பெயரைப் போடவில்லை. தீவில் இதுபோன்ற இடங்கள் பல இருக்கின்றன. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் நாங்கள் பட்டது உங்களுக்கு உதவும்.

முதலில் விலை. ஒரு ஆளுக்கு 168 வெள்ளி (ரிங்கிட்), 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 138. சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள், சிறுநீர், ஈசிஜி எல்லாம் அதில் அடக்கம். அத்தைக்கு மட்டும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கத் தனியாக 30 வெள்ளி கட்டினோம். மொத்தம் 612 வெள்ளி. கண், கால் இரண்டும் இந்தத் தொகுப்பில் இல்லை. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியவற்றில் அவையும் சேரும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடம் பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி கிடையாது. 24 படிகள். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. அத்தை நடுவில் இரண்டு தடவை நின்றார். எங்களுக்குச் சொன்ன நேரம் காலை 8 மணி. ரத்தம் எடுத்தபோது மணி 8.50. முதல் நாள் இரவு 9 மணிக்குச் சாப்பிட்ட அத்தை, பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தொடவில்லை. முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். பாட்டியை முன்னால் கூப்பிட முடியுமா என்று முகப்பில் கேட்டேன். எண் வரிசைப்படிதான் என்று சொல்லிவிட்டார்கள். 80 வயதைத் தாண்டிய ஒருவரைப் பட்டினியாக ஐம்பது நிமிடம் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீடு திரும்பியதும் இதை நிர்வாகத்துக்கு எழுதியும் அனுப்பினேன்.

ரத்தம் எடுத்த பெண்ணின் கையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அத்தையின் ரத்தக்குழாய் நூல் மாதிரி இருக்கும். போகிற இடத்தில் எல்லாம் மூன்று நாலு தடவை குத்துவார்கள். இங்கே சின்ன ஊசியை வைத்து ஒரே குத்தில் எடுத்துவிட்டார். அப்புறம் ஒரு பாக்கெட் பானமும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பானம் முழுக்கச் சீனி. இனிப்பு நீர்க்காரர்களுக்கு வேறு ஏதாவது வைத்திருக்கலாம். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியைத்தான் அத்தை பசியாறினார்.

இதற்கெல்லாம் முன்னால், எண்ணுக்காகக் காத்திருந்தபோது ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் மலாய். முதல் கேள்வி, பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று ஐந்து கட்டங்கள்.

அத்தைக்குப் படித்துச் சொன்னேன். “நல்லாத்தான் இருக்கேன். எனக்கு என்ன குறை?” என்றார். ‘மிக நன்று’ கட்டத்தில் கோடு போட்டேன். என் கணவர் யோசிக்கவே இல்லை, ‘மிகச் சிறப்பு’. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் எங்கும் உட்காராமல் ஏறியவர் அவர். அதை ஒரு சான்றிதழ் மாதிரி வருஷம் முழுக்க வைத்திருப்பார். நான் ‘நன்று’ போட்டேன். மகள் மட்டும் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு ‘சுமார்’ என்று போட்டாள்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அத்தையின் மூன்று மாதச் சர்க்கரை 9.4. சிறுநீரகம் வடிகட்டும் அளவு 41-க்கு இறங்கியிருந்தது. சிறுநீரில் புரதமும் போகிறது. கணவருக்கு ரத்தக் கொதிப்பு 162-க்கு 96, கெட்ட கொழுப்பு 4.6. எனக்கு மாத்திரை புண்ணியத்தில் எல்லாம் வரம்புக்குள். மகளின் தாளில் சிவப்பு எழுத்தே இல்லை.

தங்களைப் பற்றிச் சொன்ன வரிசை ஒன்று, ரத்தம் சொன்ன வரிசை வேறொன்று. அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். நான் 31 வருஷம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நலக்கல்வியும் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பல் துலக்குவதிலிருந்து உணவுக்கூம்பு வரை சொல்லிக்கொடுத்த எனக்கு, என் வீட்டிலேயே ‘நல்லா இருக்கேன்’ என்பதற்கு நாலு அர்த்தம் இருப்பது தெரியாமல் போயிற்று.

அத்தை நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்கப்புறம் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். நின்றால் கூலி, இல்லையென்றால் இல்லை. உடம்பு முடியவில்லை என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவ உதவியாளரான டிரெசர் ஐயாவைப் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, மிக்சர் ஊற்றிக்கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டால் நோய் இல்லை. காய்ச்சல் கொதித்தால்தான் நோய். பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கழியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிறவரைக்கும் ஆள் ‘நல்லா’ இருக்கிறார். அந்தக் காலத்து அளவுகோல் அதுதான். தோட்டத்தை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அத்தை அதே கோலை வைத்துத்தான் தன்னை அளக்கிறார். காலையில் எழுந்து குளித்து விளக்கேற்ற முடிகிறது, ஆகவே நல்லா இருக்கிறார்.

சர்க்கரை 9.4 என்பது வலிக்காது. சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலையை விட்டாலும் வலிக்காது. வலிக்காத ஒன்றை நோய் என்று ஏற்றுக்கொள்வதற்கு ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அத்தைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளைக் கிறுகிறுப்பு வந்த நாளில் மட்டும் போட்டுக்கொண்டு, மீதியைப் பழைய மைலோ டின்னில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். முடிவு வந்த அன்று டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மெட்ஃபோர்மின் மட்டும் 200-க்கு மேல். அவர் பொய் சொன்னது கிடையாது. “மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று நான் கேட்டபோதெல்லாம் “சாப்பிடறேன்ம்மா” என்றுதான் சொன்னார். தேவைப்பட்டபோது சாப்பிட்டார், அவ்வளவுதான். தினமும் போட்டீர்களா என்று கேட்காதது நான்.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தியாவிலேயே எழுத்தறிவும் ஆயுளும் மிகுந்த கேரளத்து மக்கள்தான் தங்களுக்கு நோய் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகாரிலோ அப்படிச் சொல்பவர்கள் குறைவு. அமெரிக்கர்கள் கேரளத்தாரையும் விட அதிகமாகச் சொல்கிறார்கள். பீகார்க்காரர் கேரளத்தாரை விட ஆரோக்கியமானவர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் ஜனங்கள் தங்கள் உடம்பைக் கவனிக்கப் பழகிவிடுகிறார்கள். மகள் இதை எனக்குப் படித்துக் காட்டியபோது ‘இது நம் வீடாயிற்றே’ என்றுதான் நினைத்தேன். அத்தை பீகார், மகள் கேரளம்.

இதை வைத்து, படித்தவர்கள் சும்மா புலம்புகிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பொதுவாகப் படித்தவர்கள்தான் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று அதிகம் சொல்கிறார்கள். அவர்கள் உடம்பும் நிஜமாகவே மேலாகத்தான் இருக்கிறது. நல்ல வேலை, நல்ல சம்பளம், நேரத்தோடு மருத்துவரைப் பார்ப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். மகள் போட்ட ‘சுமார்’ கூடப் பொய் இல்லை. ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறாள், நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொள்கிறது, தாத்தா சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர் என்பதும் தெரியும். தனக்கு வரக்கூடியதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அவள் பதில் சொல்கிறாள்.

கேள்வியும் வீணானது இல்லை. கனடாவின் மானிடோபாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இதே மாதிரி ஒற்றைக் கேள்வியைக் கேட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு 1982-இல் வெளிவந்தது. தங்கள் உடல்நிலை மோசம் என்று சொன்னவர்கள் அடுத்த சில வருஷங்களில் இறக்கும் வாய்ப்பு, மிகச் சிறப்பு என்று சொன்னவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. ஆனால் அமெரிக்காவில் 2007-இல் வந்த இன்னொரு ஆய்வில், இந்தப் பதில் படித்தவர்கள் விஷயத்தில் பலித்த அளவுக்குப் படிக்காதவர்கள் விஷயத்தில் பலிக்கவில்லை. அப்படியென்றால் அத்தை மாதிரி ஒருவரிடம் இந்தக் கட்டத்தை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. இதைத்தான் நான் அந்தக் கூடத்துக்கும் எழுதினேன்.

நம் மலேசியக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அதில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உடல்நலத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு என்றும் அதே ஆய்வு காட்டியது. அவர்களிடம் எல்லாம் காலையில் போய், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

என் பதிலையும் விட்டுவிட முடியாது. 45 வயதில் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பரிசோதனையில் இதே கேள்விக்கு ‘சுமார்’ என்று போட்டது நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஒரு நோயும் கிடையாது, கொஞ்சம் ஒற்றைத்தலைவலி மட்டும்தான். இப்போது கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று தினமும் மாத்திரை போடுகிறேன். வலது முழங்கால் மழைக்காலத்தில் மடங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் கை தானாக ‘நன்று’க்குப் போகிறது. பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஒருத்தி வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறாள். அவளை நினைத்துக்கொண்டு என் முழங்காலைக் குறை என்று எப்படிச் சொல்வது? 45-இல் நான் என்னை நேற்றைய என்னோடு ஒப்பிட்டேன். 62-இல் பக்கத்தில் இருப்பவர்களோடு ஒப்பிடுகிறேன். வயதானவர்கள் நோய் கூடியும் மனம் தளராமல் பதில் சொல்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நல்ல குணம்தான். ஆனால் மருத்துவர் முன்னால் உட்காரும்போது இதே குணம் சில விஷயங்களை மறைத்துவிடும்.

சரி, கூடத்துக்கு வருகிறேன். நான் திரும்பவும் அங்கேயே போகக் காரணம் ஒரு தாதி. 40 வயது இருக்கலாம். முன்பு அரசாங்க கிளினிக்கில் வேலை செய்தவராம். முடிவு வாங்கப் போன அன்று, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் எடையும் கொதிப்பும் பார்க்கும் அறையில் இருந்தார். தாளைப் புரட்டிவிட்டு அத்தையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாட்டி, போன தீபாவளிக்கு முறுக்கு நீங்கதான் சுட்டீங்களா?”

“இல்லம்மா. மருமகதான். நிக்க முடியல.”

“அதுக்கு முந்தின தீபாவளிக்கு?”

“அப்ப நான்தான்.”

“கோயிலுக்குப் போறீங்களா?”

“போறதில்ல. செருப்பு வழியிலேயே கழண்டு போயிடுது. போனதே தெரியாது. பின்னால வர்றவங்க சொன்னாத்தான் தெரியும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே வீட்டில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. கோயிலுக்கு வர மாட்டேன் என்றபோது சோம்பல் என்று நினைத்தேன். தாதி உடனே அத்தையைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை எடுத்துப் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. தொடும்போது சொல்லுங்க பாட்டி என்றார். வலது காலில் கட்டைவிரலிலும் அதற்குக் கீழேயும் தொட்டபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார். அந்த ஒரு நிமிடம் என்னால் மறக்க முடியாது. சர்க்கரை பல வருஷமாக நரம்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஆணி குத்தினாலும் தெரியாத கால் அது.

இந்தச் சோதனைக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. தாளில் இல்லாத கேள்விகளை அவராகத்தான் கேட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காமல், முன்பு செய்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். தோட்டத்தில் வளர்ந்தவருக்குப் புரிகிற மொழி வேலைதான்.

மருத்துவர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். நாலு பேருக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். அத்தையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, என்னையும் மகளையும் பார்த்தே பேசினார். மூன்று மாதச் சர்க்கரை என்றால் என்ன என்று அத்தை என்னிடம் கேட்டார். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அந்த நாளெல்லாம் அவற்றில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அளக்கிறார்கள், அதனால் பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது என்று வீட்டுக்கு வந்துதான் விளக்கினேன். “அப்ப பால் நிறுக்கிற மாதிரி. தினம் வெட்டுனது மாசக் கடைசியில தெரியும்” என்றார். உடனே புரிந்துகொண்டார். விளக்குவதற்கு எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கூடத்திலேயே தமிழில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். அறிக்கையும் முழுக்க ஆங்கிலம். மலாயில்கூடக் கிடையாது.

கணவர் விஷயம் வேறு மாதிரி. ஐந்தாம் படிவம் வரை படித்தவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்களைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. ஆனால் தன் உடம்பைப் பற்றிய எண் வந்ததும் “இயந்திரம் தப்பாக் காட்டுது, நான் மலை ஏறினவன்” என்றார். படியேறுகிற தெம்பு ஒன்று, ரத்தக்குழாயில் அழுத்தம் வேறொன்று என்று மருத்துவர் சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் கொதிப்பை எழுதி வைக்கச் சொன்னார்கள். அவர் கையாலேயே எழுதிய 14 எண்களில் ஒன்றுகூட 150-க்குக் கீழே இல்லை. அதற்கப்புறம்தான் மாத்திரை ஆரம்பித்தார். அடுத்த தைப்பூசத்துக்கும் ஏறட்டும், எனக்கு அதில் மறுப்பில்லை.

கூடத்தில் கொடுத்த கடிதத்தோடு அத்தையை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மருந்து அளவை மாற்றினார்கள், கண் படம் எடுக்க நாள் கொடுத்தார்கள். இந்த வயதில் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கக் கூடாது, தாழ்ந்து மயக்கம் வந்தால் அதுதான் ஆபத்து, 8-ஐ ஒட்டி வந்தால் போதும் என்றார்கள். காசு கட்ட முடியாதவர்கள் தயங்க வேண்டாம். குடியுரிமை உள்ளவர்களுக்கு அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளி கட்டணம் 1 வெள்ளி. 40 வயதுக்கு மேற்பட்ட, குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் பதிவு பெற்ற கிளினிக்குகளில் இலவசமாகவே பரிசோதனை உண்டு. அத்தையின் தங்கையை அதில்தான் சேர்த்தோம்.

5-க்கு எவ்வளவு என்று கேட்டால், ரத்தம் எடுக்கும் கைக்கு 5, அந்தத் தாதிக்கு 5. காத்திருப்புக்கும் மாடிப்படிக்கும் 2. விளக்கத்துக்கு 2. சனிக்கிழமை போகாதீர்கள், வார நாளில் கூட்டம் இல்லை. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். தாளை முன்னாலேயே வாங்கி வந்து, வீட்டில் வைத்து, பெரியவர்களிடம் அவர்கள் பாஷையில் கேட்டு நிரப்புங்கள். மைலோ டின்னையும் திறந்து பாருங்கள்.

ஜூன் மாதம் மூன்று மாதச் சர்க்கரைக்கு மட்டும் திரும்பப் போனோம், 45 வெள்ளி. அன்று அந்தத் தாதி விடுமுறை. 8.2 வந்திருந்தது. அதே தாளை நீட்டினார்கள், அதே முதல் கேள்வி. நான் அதைப் படித்துச் சொல்லவில்லை.

“அத்தை, இந்த மூணு மாசத்துல செருப்பு கழண்டுச்சா?”

“ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ எனக்கே தெரிஞ்சது.”

கட்டங்களை விட்டுவிட்டு, தாளின் ஓரத்தில் அதை எழுதிக் கொடுத்தேன்.